கல் கூடத்தில் பாட்டும் ஆட்டமும்: பழைய தேவாலயத்தில் எர்லி மியூசிக் கேட்கப் போகிறவருக்கு ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இது: "ஐரோப்பாவுக்குப் போகும்போது ஒரு பழைய தேவாலயத்தில் நடக்கும் எர்லி மியூசிக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். கூடவே அந்தக் காலத்து நடனமும் உண்டாம். நல்ல அரங்கம் எத்தனையோ இருக்க ஏன் சர்ச்சில் நடத்துகிறார்கள்? அந்தக் காலத்தில் நிஜமாகவே சர்ச்சுக்குள் ஆடினார்களா, இல்லை இதெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கான ஜோடனையா?"

ஒரு வரியில் சொல்வதென்றால், இசைக்கு அந்தக் கட்டடம் வாத்தியத்தின் ஒரு பாகம். ஆட்டத்துக்கு அது பெரும்பாலும் ஒண்டுக்குடித்தனம். இரண்டுக்குமே விதிவிலக்குகள் உண்டு, சுவாரசியமே அந்த விதிவிலக்குகளில்தான் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். நான் சில வருடங்கள் ஓர் அமெச்சூர் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்றவன், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய இசையில் மத்திய காலம், மறுமலர்ச்சிக் காலம், பரோக் காலம் மூன்றையும் சேர்த்து எர்லி மியூசிக் என்கிறார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இறந்த 1750ஐக் குத்துமதிப்பான எல்லையாக வைத்துக்கொள்ளலாம். பழைய இசையை அந்தக் காலத்து வாத்தியத்தில், அந்தக் காலத்துச் சுவடிகள் சொல்கிற முறையில் வாசிக்க வேண்டும் என்கிற பிடிவாதமும் அந்தப் பெயருக்குள் அடக்கம். ஆட்டுக் குடலில் முறுக்கிய தந்தி போட்ட வயலின், வால்வு இல்லாத டிரம்பெட், விரலால் மீட்டும் லூட், பியானோவுக்கு முந்தைய ஹார்ப்சிகார்டு எல்லாம் அப்படி வந்தவை.

சர்ச்சுக்குள் போனதும் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரே ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். நீங்கள் தட்டி முடித்த பிறகும் அந்தச் சத்தம் மேலே எங்கோ கூரை வளைவுகளில் சுற்றிக்கொண்டிருக்கும். இதை எதிரொலி என்று சொல்லிவிட முடியாது, எதிரொலி என்றால் சத்தம் போய் முட்டித் தனியாகத் திரும்பி வர வேண்டும். இங்கே எண்ணற்ற எதிரொலிகள் ஒன்றோடொன்று குழைந்து மெல்லக் கரைகின்றன. எதிர்முழக்கம் என்று வைத்துக்கொள்வோம். இதை முதலில் ஒழுங்காக அளந்தவர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்று அவரிடம் வேலையைக் கொடுத்தார்கள். அவர் வேறோர் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்தி, சத்தம் அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொண்டே போனார். சத்தம் 60 டெசிபல் இறங்க ஆகும் நேரம்தான் இன்றைக்கும் கணக்கு. நல்ல சிம்ஃபனி அரங்கத்தில் அது ஏறத்தாழ 2 வினாடி. பெரிய கல் கதீட்ரல்களில் 5, 6, 8 வினாடி எல்லாம் சாதாரணம். இஸ்தான்புல் ஹகியா சோஃபியாவில் 10 வினாடிக்கும் மேல். அந்தக் கட்டடத்துக்குள் பலூன்களை உடைத்து, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, அதிலிருந்து அதன் ஒலிக்குணத்தை மட்டும் பிரித்தெடுத்து, வேறோர் இடத்தில் பாடிய பாடகர்களின் குரல்மேல் ஏற்றி 2019இல் ஓர் இசைத்தொகுப்பே வெளியிட்டார்கள்.

சரி, இதனால் இசையில் என்ன மாறுகிறது? கத்தோலிக்க வழிபாட்டில் ஒற்றை வரியாகப் பாடும் கிரிகோரியன் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த அறையில் அது ஒரு மெலடி, அவ்வளவுதான். 6 வினாடி முழக்கம் உள்ள இடத்தில் முந்தைய சுரம் அடங்கும் முன்பே அடுத்தது வந்து அதன்மேல் உட்காருகிறது. பாடுவது ஒரு குரல்தான் என்றாலும் காதில் விழுவது சுரக்கூட்டம். பாரிஸின் நோத்ர தாம் கதீட்ரலில் 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் இசையமைப்பாளர் பெரொத்தான் நான்கு குரலுக்கு எழுதிய 'விதெருந்த் ஒம்னெஸ்' கேட்டால் இது இன்னும் தெளிவாகப் புரியும். அடிக்குரல் ஒரே அசையைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கும், மேலே மூன்று குரல்களும் ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்த நிற்கும் சுரத்தை வாங்கி வைத்துக்கொள்ள ஒரு பெரிய கல் பாத்திரம் தேவை. ஹெட்ஃபோனில் கேட்டு "ஒரே மாதிரி போகிறதே" என்று அலுத்துக்கொண்ட நண்பர் ஒருவர், கல் கூடத்தில் இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து அரைமணி நேரம் பேசவில்லை.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. நோத்ர தாம் கட்ட ஆரம்பித்தது 1163. பீடம் இருக்கும் கிழக்குப் பகுதிக்கு அபிஷேகம் நடந்தது 1182. அந்த இசை புதிதாக இருந்தபோது மேற்குப் பக்கம் இன்னும் கட்டி முடியவில்லை. இன்றைக்கு நாம் கேட்கும் நோத்ர தாம் ஒலி, பெரொத்தான் கேட்ட ஒலி கிடையாது. "அந்தக் காலத்தில் கேட்ட மாதிரியே" என்று விளம்பரத்தில் பார்த்தால் பாதியைக் கழித்துவிடுங்கள்.

கழிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது: கூட்டம். ஒலியை நன்றாகக் குடிப்பவை மனித உடம்பும் துணியும். வெனிஸின் சான் மார்க்கோ தேவாலயத்துக்காக ஜொவான்னி காப்ரியேலி எழுதிய இசையில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் பல குழுக்களாகப் பிரிந்து ஒருவருக்கொருவர் பதில் சொல்வார்கள். 1597இல் அச்சான அவருடைய 'சொனாட்டா பியான் எ ஃபோர்த்தே'யில் எங்கே மெல்ல, எங்கே உரக்க என்று குறிப்பே இருக்கிறது. இதைக் காலியான சான் மார்க்கோவில் வாசித்தால் கேள்வி அடங்கும் முன்பே பதில் அதன்மேல் கொட்டிவிடும். திருவிழா நாளில் சுவரெல்லாம் திரைச்சீலை, தரையெல்லாம் ஜனம் என்று நினைத்துப் பாருங்கள், கணக்கு வேறு. லைப்சிக் தாமஸ் தேவாலயம் இன்னும் நல்ல உதாரணம். கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு புரொட்டஸ்டன்டுகளுக்குப் பிரசங்கம் காதில் விழ வேண்டியிருந்தது, உள்ளே மரத்தில் மாடங்கள் கட்டினார்கள், மரம் முழக்கத்தைக் குறைத்தது. 1723இல் அங்கே வேலைக்கு வந்த பாக், ஓட்டமும் பின்னலுமாக எழுதிய பாடல்கள் புரிகிற அளவுக்கு அது ஏற்கெனவே உலர்ந்த கட்டடம். அதே பாடலை 7 வினாடி கதீட்ரலில் போட்டால் கூழ்தான். நானே அப்படி ஒரு கூழில் பாடியிருக்கிறேன், எனக்கே என் வரி கேட்கவில்லை.

தெரிந்த இயக்குநர்கள் இதற்கு ஏற்ப வேகத்தைக் குறைப்பார்கள், மெய்யெழுத்துகளை அளவுக்கு மீறி அழுத்தச் சொல்வார்கள், இடைவெளி வரும் இடத்தில் முழக்கம் அடங்கும் வரை காத்திருப்பார்கள். ஒத்திகையில் ஒருவர் பின் வாசல் வரை நடந்து போய் நின்று கேட்டுவிட்டு வருவார். அந்த நடையைப் பார்த்தாலே அந்தக் குழு விஷயம் தெரிந்தது என்று புரிந்துகொள்ளலாம். கடைசிச் சுரத்தில் இயக்குநரின் கையைப் பாருங்கள். பாடகர்களின் வாய் மூடிவிடும், கை இறங்காது. நான்கு, ஐந்து வினாடி அந்தக் கை அப்படியே நிற்கும். சத்தம் தூண்களுக்குப் பின்னால் எங்கோ போய்ச் சுருண்டு படுத்த பிறகுதான் இறங்கும். தயவுசெய்து அதற்கு முன் கைதட்டாதீர்கள்.

கட்டடத்துக்கும் இசைக்கும் உள்ள உறவைப் பற்றி அழகான கட்டுக்கதைகளும் உண்டு. 1436 மார்ச் 25, ஃபிளாரன்ஸ் கதீட்ரலின் அபிஷேகம். கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கியின் பிரம்மாண்டமான குவிமாடம் அப்போதுதான் எழும்பியிருந்தது. அந்த அபிஷேகத்துக்காக இசையமைப்பாளர் தூஃபே எழுதிய பாடலில் நான்கு பகுதிகளின் நீளம் 6:4:2:3 என்ற விகிதத்தில் இருக்கிறது. அந்தக் கதீட்ரலின் அளவையே இசையில் வைத்துவிட்டார் என்று ஒரு ஆய்வாளர் சொல்ல, எல்லோரும் மயங்கிப் போனார்கள். பிற்பாடு இன்னொருவர் பைபிளைப் புரட்டிக் காட்டினார்: சாலமோன் கட்டிய ஆலயம் நீளம் 60 முழம், அதில் பிரதான கூடம் 40, அகலம் 20, உயரம் 30. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படியாக இருக்கிறது. குவிமாடத்தைக் கைகாட்டும் வழிகாட்டிகளுக்கு என்னவோ முதல் கதைதான் பிடிக்கும்.

எர்லி மியூசிக் எல்லாமே சர்ச்சுக்கு எழுதியது என்று நினைத்துவிடாதீர்கள். மாட்ரிகல் என்கிற பல குரல் காதல் பாடல்கள், லூட் பாடல்கள், வில் போட்டு வாசிக்கும் வயோல்களின் குழு இசை எல்லாம் வீட்டு அறைக்கு எழுதியவை. லூட் ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்க வேண்டிய வாத்தியம். கதீட்ரலில் எட்டாவது வரிசைக்குப் பிறகு வாசிப்பவரின் விரல் அசைவது மட்டும்தான் தெரியும். பிறகு ஏன் அங்கே வைக்கிறார்கள்? நேர்மையான காரணம், இடம் கிடைக்கிறது என்பதுதான். இரண்டாயிரம் பேர் உட்காரும் நவீன அரங்கம் இந்த வாத்தியங்களுக்குப் பெரிது, வாடகையும் அதிகம். முந்நூறு பேர் உட்காரும் பழைய சர்ச் கைக்கு அடக்கம், அந்தச் சர்ச்சுக்கும் கூரை பழுதுபார்க்கக் காசு வேண்டும். பிரான்சில் 1980இல் தொடங்கிய அம்பிரோனே விழா ஒரு பழைய மடாலயத்தைச் சுற்றி வளர்ந்தது. 1982இல் தொடங்கிய உட்ரெக்ட் விழா அந்த நகரத்தின் பழைய தேவாலயங்களையெல்லாம் பயன்படுத்துகிறது. யார்க்கில் செயின்ட் மார்கரெட் என்ற பழைய சர்ச்சையே எர்லி மியூசிக்குக்கான தேசிய மையமாக மாற்றிவிட்டார்கள்.

சுருதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் கச்சேரி சுருதி சேர்ப்பதிலேயே போவதைப் பார்த்து எரிச்சல்படுவீர்கள். பரோக் குழுக்கள் பெரும்பாலும் 415 ஹெர்ட்ஸுக்குச் சேர்ப்பார்கள், இன்றைய 440க்கு ஏறத்தாழ அரைச் சுரம் கீழே. அந்தச் சர்ச்சின் சொந்தப் பழைய ஆர்கனை வாசிப்பதாக இருந்தால் அது 465 பக்கமாக இருக்கலாம், வேறெங்கோ இருக்கலாம். ஆர்கனைத் திருப்ப முடியாது, மற்றவர்கள்தான் அதற்கு வளைந்து கொடுக்க வேண்டும். அதோடு, குளிர்ந்த கல் கூடத்துக்குள் முந்நூறு பேர் வந்து மூச்சுவிட்டால் காற்று சூடாகும். சூடானால் குழாயின் சுருதி ஏறும். குடல் தந்தியோ ஈரத்தையும் சூட்டையும் வாங்கிக்கொண்டு தன் போக்கில் போகும். இடைவேளையில் ஹார்ப்சிகார்டின்மேல் ஒருவர் குனிந்து சாவியைத் திருகிக்கொண்டே இருந்தால் அவரிடம் போய் பேச்சுக் கொடுக்காதீர்கள், பாவம்.

இனி ஆட்டம். சர்ச்சுக்குள் ஆடினார்களா? ஆடினார்கள், தடையாணைகளே அதற்குச் சாட்சி. 589இல் ஸ்பெயினின் தொலேதோவில் கூடிய திருச்சபைச் சங்கம், புனிதர்களின் திருநாட்களில் ஜனங்கள் ஆடுவதையும் ஆபாசப் பாட்டுப் பாடுவதையும் நிறுத்தச் சொல்லி ஆணை போட்டது. அதற்குப் பிறகும் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு அதே மாதிரி ஆணைகள் வருகின்றன. ஒருமுறை சொல்லி நின்றுபோயிருந்தால் மறுபடி சொல்ல வேண்டியதில்லையே. ஆடியது பாமர ஜனம் மட்டும் என்றும் சொல்ல முடியாது. பிரான்சின் ஒசேர் கதீட்ரலில் ஈஸ்டர் அன்று குருமார்களே தரையில் பதித்த சுழல்பாதையில் கைகோர்த்துச் சுற்றி வந்து, ஈஸ்டர் பாடலைப் பாடிக்கொண்டே தலைமைக் குருவிடமிருந்து பந்தை வாங்கி வீசி ஆடியிருக்கிறார்கள். 1538இல்தான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஸ்பெயினின் மொன்செராத் மடாலயத்தின் 'யிப்ரே வெர்மெய்', அதாவது சிவப்புப் புத்தகம். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதியது, சிவப்பு அட்டை போட்டது 19ஆம் நூற்றாண்டில். மலையேறி வரும் யாத்ரீகர்கள் ராத்திரி தேவாலயத்துக்குள் கண்விழித்து இருக்கும்போதும் பகலில் முன்முற்றத்திலும் பாடவும் ஆடவும் ஆசைப்படுகிறார்கள், அங்கே கண்ட பாட்டையும் பாடக்கூடாது, அதனால் ஒழுக்கமான பாட்டு கொஞ்சம் எழுதித் தருகிறோம் என்று அதிலேயே குறிப்பு இருக்கிறது. எவ்வளவு நடைமுறை தெரிந்த துறவிகள்! ஆட்டத்தைத் தடுக்க முடியாது என்று தெரிந்துகொண்டு பாட்டை மாற்றியிருக்கிறார்கள். பத்துப் பாட்டு மிஞ்சியிருக்கிறது, சிலவற்றின் தலைப்பிலேயே வட்ட ஆட்டம் என்று குறித்திருக்கிறது. 1811இல் நெப்போலியன் படை மடாலயத்தை அழித்தபோது நூலகமும் போனது. இந்தப் புத்தகம் தப்பியதற்குக் காரணம், யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள் என்பதுதான். புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களால் உலகத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை இதுவாகத்தான் இருக்கும்.

இன்றைக்கும் ஆடுகிற இடம் ஸ்பெயினின் செவில் கதீட்ரல். 'சேய்செஸ்' என்று சிறுவர்கள், பேரில் ஆறு, ஆடுவது பத்துப் பேர். கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவிலும் அமல உற்பவப் பெருவிழாவிலும் தவக்காலத்துக்கு முந்தைய மூன்று நாட்களிலும் பீடத்தின் முன் தொப்பியோடு நின்று, கையில் காஸ்தனெட் கட்டைகளைத் தட்டிக்கொண்டு மெதுவாக அணிவகுத்து ஆடுவார்கள். ரோமாபுரி இதை நிறுத்தப் பார்த்தபோது, இப்போதைய உடை கிழியும் வரை ஆடிக்கொள்ளலாம் என்று போப் சொன்னதாகவும், அன்றிலிருந்து உடையை முழுசாக மாற்றாமல் ஒட்டுப் போட்டுக்கொண்டே வருவதாகவும் ஊரில் ஒரு கதை. வெறும் கதைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

ஆனால் உங்கள் நிகழ்ச்சியில் அநேகமாக இதெல்லாம் இருக்காது, பவானும் கலியார்டும் இருக்கும். அவை அரண்மனை ஆட்டங்கள். வேடிக்கை என்னவென்றால், அவற்றைப் பற்றி நமக்குச் சொல்லித்தரும் முக்கியமான புத்தகத்தை எழுதியவர் ஒரு கதீட்ரல் குரு. 1589இல் தொய்னோ ஆர்போ என்ற பெயரில் வந்த 'ஓர்கெஸோகிராஃபி' அது. லாங்கிர் கதீட்ரலைச் சேர்ந்த ஜான் தாபுரோ தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு வைத்துக்கொண்ட புனைபெயர். கப்ரியோல் என்ற மாணவன் கேட்க, கிழவர் பதில் சொல்கிறார். ஒவ்வொரு சுரத்துக்கும் பக்கத்திலேயே எந்தக் கால், எப்படி என்று எழுதியிருக்கிறார்.

எந்தக் காலத்து ஆட்டம் எவ்வளவு நம்பகம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1700இல் பிரெஞ்சு நடன ஆசான் ஃபையே வெளியிட்ட குறியீட்டு முறையில் தரையில் நடக்கும் பாதையையே மேலிருந்து பார்ப்பது போல வரைந்து, அதன்மேல் அடவுகளைக் கோடாக இழுத்திருப்பார்கள். அந்த முறையில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் கிடைத்திருக்கின்றன, அதனால் பரோக் ஆட்டத்தில் கால் எங்கே போகிறது என்பது திடமாகத் தெரியும். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் நடன ஆசான் தொமெனிக்கோ, அவருடைய மாணவர் குல்யெல்மோ போன்றவர்கள் எழுதியவை இருக்கின்றன. வார்த்தையில் எழுதியவை என்பதால் ஊகிக்க இடம் அதிகம். அதற்கும் முந்தைய மத்திய காலத்தில் ஆட்ட இசை கொஞ்சம் கிடைக்கிறது, அடவு எதுவும் கிடைக்கவில்லை. மத்திய கால நடனம் என்று யாராவது மேடையில் ஆடினால் அது படங்களைப் பார்த்தும் இசையைக் கேட்டும் இன்றைக்கு உருவாக்கியது. அதில் தப்பில்லை, நிகழ்ச்சிக் குறிப்பில் அதை ஒப்புக்கொள்கிறார்களா என்று பாருங்கள். இத்தாலிய நடன ஆசான் கரோசோவின் 1581 புத்தகத்திலிருந்து என்பது போல மூலத்தின் பெயர் போட்டிருந்தால் ஒரு மாதிரி, நடன அமைப்பு இன்னார் என்று போட்டிருந்தால் வேறு மாதிரி.

கட்டடம் ஆட்டத்துக்கு எதிரியாகிற இடம் தரை. கலியார்டின் அடிப்படை ஆறு எண்ணிக்கைக்குள் ஐந்து அடவு: நான்கு முறை காலை மாற்றி மாற்றி வீசி, ஒரு துள்ளல், துள்ளி இறங்கி நிற்பது. மரத்தளத்தில் அந்தத் துள்ளலைத் தரை பாதி வாங்கிக்கொள்ளும். கல்லில் முழுதும் முழங்காலுக்கு. பழைய சர்ச்சுகளில் தரையே கல்லறைப் பலகைகள், சில தேய்ந்து வழுவழுப்பாக, சில எழுத்துப் புடைத்துக்கொண்டு. தோல் அடிப்பாகம் போட்ட செருப்போடு ஒருவர் துள்ளி இறங்கி, அப்படியே சறுக்கி, முன்வரிசைப் பெண்மணியின் மடியில் போய் விழப் பார்த்ததை நான் நேரில் பார்த்தேன். மனுஷன் கடைசி நொடியில் அதையே ஒரு வணக்கமாக மாற்றினார். கூட்டம் கைதட்டியது, இசைக்குழு மட்டும் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தது.

அடுத்தது காது. தம்பட்டம் ஒலித்து ஐந்து வினாடி முழங்கும் இடத்தில் அடுத்த தட்டு எது, முந்தைய தட்டின் மிச்சம் எது என்று ஆடுகிறவருக்குக் குழப்பம் வரும். அனுபவம் உள்ளவர்கள் காதை நம்புவதில்லை, வயோல் வாசிப்பவரின் முழங்கையைப் பார்த்துத் தாளம் பிடிப்பார்கள்.

அப்புறம் கண். இந்த ஆட்டங்களில் இடுப்புக்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்காது, எல்லாம் காலில்தான். சர்ச்சின் நடுக்கூடமோ சமதளம், நான்காவது வரிசையிலிருந்து முன்னால் இருப்பவரின் பின்னந்தலைதான் தெரியும். நல்ல அமைப்பாளர்கள் நாற்காலிகளை இரண்டு பக்கமும் எதிரெதிராகப் போட்டு நடுவில் நீளமாக மரப்பலகை விரிப்பார்கள். அப்படி இல்லையென்றால் ஓரத்து நாற்காலியைப் பிடியுங்கள். இசைக்கு நல்ல இடமும் ஆட்டத்துக்கு நல்ல இடமும் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். குரல்கள் கலந்து கேட்க நடுவில் கொஞ்சம் பின்னால், கால் தெரிய முன்னால்.

ஆடுகிறவர்கள் பீடத்துக்கு முன்னால் ஒரு ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டு ஆடுவதைப் பார்த்து "பின்னால் இவ்வளவு இடம் சும்மா இருக்கிறதே" என்று தோன்றலாம். கத்தோலிக்கத் தேவாலயம் என்றால் அதற்கு விதி இருக்கிறது. 1987 நவம்பரில் வத்திக்கான், தேவாலயங்களில் நடக்கும் கச்சேரிகள் பற்றி ஒரு கடிதம் வெளியிட்டது: கலைஞர்கள் பலிபீடப் பகுதிக்குள் நிற்கக் கூடாது, நற்கருணையை (வழிபாட்டில் புனிதமாக்கிய அப்பத்தை) முடிந்தவரை பக்கத்துச் சிற்றாலயத்தில் வைக்க வேண்டும், உடையும் நடத்தையும் இடத்துக்குத் தகுந்தபடி இருக்க வேண்டும், நுழைவு இலவசமாக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி பின்பற்றுவதில்லை, சில இடங்களில் டிக்கெட்டுக்குப் பதில் வாசலில் உண்டியல் இருப்பதன் பின்னணி இதுதான். வழிபாடு நின்றுபோன தேவாலயங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. நடனத்தோடு கூடிய நிகழ்ச்சிகள் அந்த மாதிரி இடங்களை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாட்டு, ஆட்டம், கட்டடம் மூன்றும் உண்மையாகவே சேர்ந்து பிறந்த ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால் இத்தாலிய இசையமைப்பாளர் காவாலியேரியின் ஆன்மாவும் உடலும் பற்றிய இசைநாடகத்தைத் தேடுங்கள். 1600 பிப்ரவரியில் ரோமின் வலிச்செல்லா தேவாலயத்தை ஒட்டிய பிரார்த்தனைக் கூடத்தில் அரங்கேறியது, முடிவில் ஆட்டமும் உண்டு. அச்சுப் பிரதியின் முன்னுரையில், ஆயிரம் பேருக்குமேல் கொள்ளும் கூடத்தில் இதைப் போடாதே, பாடுகிறவர்கள் குரலைக் கட்டாயப்படுத்த வேண்டிவரும், வார்த்தை கேட்காமல் போகும் என்கிறார்கள். நானூறு வருடத்துக்கு முன்பே இடத்தைப் பற்றிய கவலை. உங்கள் டிக்கெட்டில் என்ன நிகழ்ச்சி என்று நீங்கள் எழுதவில்லை. யிப்ரே வெர்மெய் என்று இருந்தால் கடைசிப் பாட்டுக்குக் கூட்டத்தையும் கைகோர்க்கச் சொல்வார்கள், வெட்கப்படாமல் எழுந்துவிடுங்கள். பவானும் கலியார்டும் என்றால் ஓரத்து நாற்காலி. எதுவானாலும் கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போங்கள், அந்தக் கல் ராத்திரி எட்டு மணிக்குமேல் காலிலிருந்து குளிர ஆரம்பிக்கும்.